நீரின் ஓவியன்: ஜைனுல் ஆபெதீனும் நமது வாவிக்கரையும்

நாவற்குடாவில் மாலை வேளையில் வாவியை நோக்கி நிற்பவன் எவனும் ஒரு கணமேனும் ஓவியனாக விரும்பாதிருத்தல் அரிது. ஊரின் பெயரிலேயே மரமும் நீரும் ஒன்றாய் அமைந்துள்ளன. மேற்கே சாயும் கதிரவன் மட்டக்களப்பு வாவியின் பரப்பைச் செம்பாக்குகிறான், சில நிமிடங்களில் அது ஈயமாகிறது, பின்னர் கருமையாகிறது. கண்டற் காடுகளின் நிழலும், கல்லடிப் பாலத்தின் வளைவும், தனித்த ஒரு தோணியும் சேர்ந்தால் படம் தானே அமைந்துவிடுகிறது. இக்காட்சியைத் தீட்டாத சித்திர மாணவன் இப்பகுதியில் இரான். அவன் கையாளும் சாதனம் பெரும்பாலும் நீர்வண்ணமே.

ஆயின் அப்படங்களில் ஒன்றை உற்று நோக்குவோம். கதிரவன் உண்டு, தென்னை உண்டு, தோணி உண்டு. தோணியில் இருப்பவன் யார்? ஒரு கரும்புள்ளி. அவனுக்கு முகம் இல்லை. அவன் வீசும் வலைக்கு எடை இல்லை. இரவு முழுவதும் நீரில் நின்று இறாலுக்கும் மீனுக்கும் காத்திருந்தவனின் முதுகு எவ்வாறு வளைகிறது என்பதை அப்படம் அறியாது. அழகான நீரின் மீது அழகான ஒரு புள்ளியாக அவன் வைக்கப்பட்டிருக்கிறான்.

இக்குறை சாதனத்தின் குறையா, ஓவியனின் குறையா? நீர்வண்ணம் ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு. மக்கள் வாழ்வின் துயரையும் போராட்டத்தையும் தாங்கும் வலிமை அதற்கில்லை. அதற்குத் தைலவண்ணமோ, சுவரோவியமோ, மரச்செதுக்கு அச்சோதான் ஏற்றது என்று கருதுவோர் நம்மிடையே உளர். முற்போக்கு அணியினரிடையேயும் இக்கருத்து வேரூன்றியுள்ளது. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க வங்கத்து ஓவியர் ஜைனுல் ஆபெதீனின் வாழ்வைவிடச் சிறந்த உரைகல் கிடைப்பது அரிது. அவர் நம் ஊரவர் அல்லர். எனினும் நாவற்குடாவின் கிழக்குக் கரையை மோதும் அதே வங்கக் கடலின் வடகோடியில், ஆறும் கடலும் சூழ்ந்த நிலத்தில் பிறந்து, நீரையே வாழ்நாள் முழுதும் வரைந்தவர். அவரது கதை நமக்கு அந்நியமானதன்று.

முதலில், நீர்வண்ணம் ஓய்வுள்ளோரின் சாதனம் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். தாளில் நீரோடு நிறம் கரைத்துத் தீட்டும் முறை ஆசியாவுக்குப் புதிதன்று. ஆயினும் இன்று நம் பள்ளிகளில் பயிலும் ஒளி ஊடுருவும் நீர்வண்ண நிலக்காட்சி ஐரோப்பியர் ஆட்சியோடு நம்மிடம் வந்தது. நிலத்தை அளக்க வந்தவனும், கோட்டையைக் காக்க வந்த படை அதிகாரியும், ஆளுநரின் பரிவாரத்தில் வந்த ஓவியனும் சுமந்து வந்த சிறு பெட்டி அது. எளிதில் காய்வது, எளிதில் சுருட்டிக் கப்பலில் அனுப்பத்தக்கது என்பதால் ஆட்சியாளருக்கு அது உகந்ததாயிற்று. புதுச்சேரியிற் பிறந்து இலங்கையில் வாழ்ந்து மறைந்த இப்போலிற் சில்வாவ் 19-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டு மக்களை வகை வகையாக நீர்வண்ணத்தில் வரைந்தார். அவை மனிதரின் படங்கள் என்பதினும், ஆள்வோருக்காகத் தொகுக்கப்பட்ட ஆடை வகைகளின் பட்டியல் எனலே பொருந்தும். 1846-இல் கொழும்புக்கு வந்து கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பித்த அண்ட்ரூ நிக்கல், 1848-இல் காடுகளையும் பழைய நகரங்களின் இடிபாடுகளையும் வரையப் புறப்பட்டார். அதே வேளையில்தான் மலைநாட்டில் வரிகளுக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்தனர். படையினர் அவர்களை ஒடுக்கினர். நிக்கலின் தூரிகை மென்மையானது; அவரது மரங்களும் தூபிகளும் அழகியவை. ஆனால் அழகிய இடிபாடுகளை நோக்கிய அந்தக் கண், தன்னைச் சூழ எரிந்துகொண்டிருந்த நாட்டைத் தன் ஓவியத்துக்குரிய பொருளாகக் கொள்ளவில்லை.

இந்த மரபே பின்னர் கலைப் பள்ளிகளின் வழியாகப் பாடமாயிற்று. சென்னையில் 1850-இலும், கல்கத்தாவில் 1854-இலும் தோன்றிய கலைப் பள்ளிகள் இதனை இந்திய இளைஞருக்குக் கற்பித்தன. ஆகவே ஜைனுல் ஆபெதீன் தூரிகையைக் கையில் எடுத்தபோது, அந்தத் தூரிகைக்கு ஏற்கனவே ஒரு வரலாறு இருந்தது; அது மக்களுடைய வரலாறு அன்று.

ஜைனுல் 1914-இல் அன்றைய மைமன்சிங் மாவட்டத்தைச் சேர்ந்த கிசோர்கஞ்சில் பிறந்தார். தந்தை காவல் துறையில் பணிபுரிந்தவர். வசதி மிக்க குடும்பமன்று. பிரம்மபுத்திரா நதிக்கரையே அவரது முதற் பள்ளி. 1930-களின் தொடக்கத்தில் கல்கத்தா அரசுக் கலைப் பள்ளியிற் சேர்ந்தார். மகன் ஓவியம் கற்பதற்காகத் தாய் தன் கழுத்து நகையை விற்றார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1938-இல் கல்வியை முடித்து அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். அதே ஆண்டில் நடைபெற்ற அனைத்திந்தியக் கண்காட்சியில், பிரம்மபுத்திராவைத் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களுக்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

இங்கு ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். அக்காலக் கல்கத்தாவில் நீர்வண்ணத்துக்கு இரு பாதைகள் இருந்தன. ஒன்று, அவனீந்திரநாத தாகூர் வகுத்த பாதை. நிறத்தைத் தீட்டித் தாளை நீரில் நனைத்து, மீண்டும் தீட்டி, மூடுபனி போன்ற மென்மையை உண்டாக்கும் முறை அது. தெய்வங்களும் காவிய மாந்தரும் அப்பனியினூடே தோன்றினர். அந்நிய கலைக்கு எதிரான தேசிய உணர்வு அதனைப் பிறப்பித்தது என்பதை மறுக்க முடியாது. எனினும் அப்பனி காலப்போக்கில் நிகழ்கால வங்கத்தையே மறைக்கும் திரையாயிற்று. மற்றது, ஆங்கிலேயர் கற்பித்த இயற்கைக் காட்சி முறை. ஜைனுல் இரண்டாவதையே தேர்ந்தார். அந்நியனின் முறையைத் தேர்ந்தவர் பின்தங்கியவர் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. கனவில் வந்த பழமையை விட, கண்முன் ஓடும் நதியே அவருக்குப் பெரிதாயிருந்தது. எந்தக் கருவி உண்மையைக் காண உதவுமோ அதனை அவர் எடுத்துக்கொண்டார். சந்தாலப் பழங்குடியினர் வாழும் தும்காப் பகுதிக்கும் சென்று அவர்களின் உழைப்பையும் நடையையும் வரைந்தார்.

ஆயினும் 1938 வரை அவர் தீட்டியவற்றில் நம் வாவிக்கரைப் படங்களின் குறை முற்றாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. நதி அமைதியானது, வானம் அகன்றது, படகோட்டி அக்காட்சியின் ஓர் உறுப்பு. ஆளுநர் பதக்கம் அளிக்கத் தயங்காத அழகு அது. ஜைனுல் அத்துடன் நின்றிருந்தால், திறமை மிக்க நிலக்காட்சி ஓவியர்களின் வரிசையில் ஒரு பெயராக மறைந்திருப்பார்.

வரலாறு அவரை நிற்கவிடவில்லை. 1943-இல் வங்கத்தைப் பஞ்சம் தாக்கியது. 20 இலட்சம் முதல் 30 இலட்சம் வரையிலான மக்கள் மாண்டனர் என்று ஆய்வாளர் கணிப்பர். வயல் விளையாததால் மட்டும் வந்த சாவன்று அது. போர்க்கால விலையேற்றம், பதுக்கல், படகுகளையும் நெல்லையும் கைப்பற்றிய ஆட்சியின் கொள்கை, வாங்கும் சக்தியை இழந்த கூலி உழவனின் நிலை ஆகியவை சேர்ந்து விளைத்த சாவு அது. பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, உணவு இருந்தும் அதனைப் பெறும் உரிமை இல்லாமையே மக்களைக் கொன்றது என்பதை நிறுவியது. நெல்லை விளைவித்தவனும், மீனைப் பிடித்தவனும், படகை ஓட்டியவனுமே முதலில் இறந்தனர். பதக்கம் பெற்ற படங்களில் நதியின் அழகுக்கு உறுப்பாயிருந்த அதே மனிதர்கள் கல்கத்தா நடைபாதையில் குப்பைத் தொட்டியருகே செத்துக் கிடந்தனர்.

அப்போது ஜைனுல் என்ன செய்தார்? வண்ணப் பெட்டியை மூடினார். கறுப்பு மையையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மலிவான, பொதி சுற்றும் தாள்களில் வரைந்தார். எலும்பாகிப்போன தாய், அவள் மார்பைத் தேடும் குழந்தை, குப்பைத் தொட்டியில் நாயோடும் காகத்தோடும் உணவுக்குப் போட்டியிடும் மனிதன் என அவர் கண்டவை கோடுகளாயின. 1944-இல் ஏலா சென் பஞ்சத்தைப் பற்றி எழுதிய நூல் அவரது சித்திரங்களுடன் கல்கத்தாவில் வெளியாயிற்று. அதுவரை கல்கத்தா மட்டும் அறிந்த ஓர் ஓவிய ஆசிரியர் நாடறிந்த கலைஞரானார்.

இச்சித்திரங்களைப் பற்றி எழுதுவோர் பலர், ஜைனுல் நீர்வண்ணத்தைக் கைவிட்டதன் சான்றாகவே இவற்றைக் கொள்வர். மென்மையான கலையை விட்டு வன்மையான கலைக்கு வந்தார் என்பது அவர்களது வாதம். நான் இதனை ஏற்கவில்லை. ஏன் என்பதை விளக்க நீர்வண்ணத்தின் இயல்பைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

தைலவண்ணத்தில் ஓவியன் தன் பிழையை மூடலாம். இருளின் மீது ஒளியை வைக்கலாம். நேற்றுத் தீட்டியதை இன்று மறைக்கலாம். ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்தில் அதற்கு இடமில்லை. நிறப்பொடியைப் பிசினோடு கூட்டி நீரிற் கரைத்த மெல்லிய பூச்சு அது. அடியிலுள்ளது மேலே தெரிந்துகொண்டே இருக்கும். ஒளியிலிருந்து இருளை நோக்கியே செல்ல முடியும், திரும்ப முடியாது. யாவற்றினும் முக்கியமாக, அதில் வெண்மை என்பது ஒரு நிறமன்று. தீட்டப்படாது விடப்பட்ட தாளே வெண்மை. ஆகவே நீர்வண்ண ஓவியன் முதலிற் கற்பது எதைத் தீட்டுவது என்பதையன்று. எதைத் தீட்டாது விடுவது என்பதையே. பள்ளிகளில் இதனை முதற்படி என்கிறோம், எளியது என்கிறோம். உண்மையில் ஒரு வாழ்நாள் முழுவதையும் கேட்கும் கலை இது.

இப்போது பஞ்சச் சித்திரங்களை மீண்டும் நோக்குங்கள். அவற்றில் பின்னணி இல்லை. வீடு இல்லை, தெரு இல்லை, வானம் இல்லை. ஓரிரு காய்ந்த தூரிகை வீச்சுகளில் முதுகெலும்பு. அதனைச் சுற்றிலும் வெறுந்தாள். அந்த வெறுமை வேலை முடியாததால் வந்த வெறுமையன்று. வீட்டையும் நிலத்தையும் ஊரையும் இழந்தவனுக்குப் பின்னணி என்று எதுவும் மிஞ்சவில்லை என்பதை அந்தத் தாள் சொல்கிறது. பிரம்மபுத்திராவின் மீது விழும் ஒளிக்காகத் தாளை விட்டுவைக்கக் கற்ற கை, பசித்தவனைச் சூழ்ந்த சூனியத்துக்காக அதே தாளை விட்டுவைத்தது. மீண்டும் தொட முடியாத, ஒரே வீச்சில் முடிய வேண்டிய தூரிகைப் பழக்கமும் நதிக்கரையிற் பெற்றதே. நிறம் போயிற்று, ஒழுக்கம் போகவில்லை. நீர்வண்ணம் தன் உச்சத்தை அடைந்தது நிறத்தைத் துறந்த அந்தக் கணத்தில்தான் என்று கூறுவது மிகையாகாது.

இச்சித்திரங்கள் மீது நியாயமான ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதனை மறைத்தல் விமர்சகனுக்கு அழகன்று. இவற்றில் இறப்பவன் இருக்கிறான், கொன்றவன் இல்லை. பதுக்கல்காரனும், ஆங்கில அதிகாரியும், அரிசி மூட்டைகளும் எங்கே? அதே பஞ்சத்தைக் கண்ட கம்யூனிஸ்ட் ஓவியர் சித்தபிரசாத் மாவட்டம் மாவட்டமாகச் சென்று வரைந்தும் எழுதியும் காரணங்களைச் சுட்டினார். அவரது நூலின் பிரதிகளை ஆட்சி கைப்பற்றி அழித்தது. ஜைனுலின் படங்கள் சித்தபிரசாத்தின் பணியைச் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு படைப்பு காரணத்தை எழுதிக் காட்டினால்தான் அது மக்கள் சார்பானது என்று வரையறுப்பது கலையை அறிக்கையாகச் சுருக்கிவிடும். குப்பைத் தொட்டியருகே மனிதனும் காகமும் சமமாக நிற்கும் ஒரு காட்சியைக் கண்டவன், இதற்குக் காரணம் யார் என்று கேளாதிருக்க முடியாது. அந்த வினாவை எழுப்புவது ஓவியத்தின் கடமை. விடையைத் தேடி அமைப்பது நம் கடமை. சித்தபிரசாத்தும் வேண்டும், ஜைனுலும் வேண்டும்.

நாடு பிளவுண்ட பின் ஜைனுல் டாக்காவுக்குச் சென்று, 1948-இல் அங்கு ஒரு கலைப் பள்ளியை நிறுவினார். ஓவியம் சமயத்துக்குப் புறம்பானது என்ற எதிர்ப்பையும், பணமின்மையையும் தாண்டி அப்பள்ளி வளர்ந்தது. 1951-இல் அவர் தீட்டிய கிளர்ச்சி மாடு, கட்டிய கயிற்றை அறுத்துக்கொள்ளத் தன் உடல் முழுவதையும் முறுக்கி நிற்கிறது. மீண்டும் தாள், மீண்டும் தூரிகை. ஆனால் 1938-இன் அமைதி இல்லை. பஞ்சத்தின் கறுப்புக் கோடு இப்போது நீரோடும் நிறத்தோடும் கலந்துவிட்டது. 1951-52-இல் இலண்டன் சிலேட் கலைப் பள்ளியில் பயின்று திரும்பியபின், வங்க நாட்டார் கலை வடிவங்களைத் தழுவிச் சில காலம் வரைந்தார். நீண்ட கழுத்தும் வில்போன்ற கண்ணும் கொண்ட பெண்கள் அக்காலத்துப் படங்களில் வருகின்றனர். அவற்றில் வடிவத்தின் நயம் உண்டு, பாரம் குறைவு. நாட்டார் கலையை நேசிப்பவன் எளிதில் விழக்கூடிய பள்ளம் இது: மக்களின் வடிவத்தை எடுத்துக்கொண்டு மக்களை மறந்துவிடுதல். ஜைனுல் அதிலேயே தங்கிவிடவில்லை என்பதே அவரது பெருமை.

பாக்கித்தானின் இராணுவ ஆட்சிக்கு எதிராக 1969-இல் கிழக்கு வங்கம் எழுந்தது. அவ்வெழுச்சியின் சூழலில் அவர் ஏறத்தாழ 65 அடி நீளமான சுருளோவியமொன்றைத் தீட்டினார். 'நபான்ன', அதாவது புதிய அறுவடை, என்பது அதன் பெயர். செழிப்பான கிராமம் படிப்படியாக வறுமையுற்று, மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்து செல்லும் கதை அதில் நீள்கிறது. 1970 நவம்பர் 12-இல் வங்கக் கடலில் எழுந்த சூறாவளி கழிமுகத் தீவுகளை அழித்தது. குறைந்தது 3 இலட்சம் மக்கள் மாண்டனர். ஜைனுல் மன்புரா என்னும் தீவுக்குச் சென்று அழிவைக் கண்டார். பின்னர் ஏறத்தாழ 30 அடி நீளத்தில் கறுப்பு மையும் மெழுகும் கொண்டு 'மன்புரா 70' என்னும் சுருளைத் தீட்டினார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய பிணங்களும் கால்நடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இறுதியில், தப்பிய ஒரு மனிதன் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறான்.

இங்குதான் அந்த வாழ்நாட் பயணம் நிறைவுறுகிறது. 1938-இல் நீர் அவருக்கு ஒளி. 1943-இல் நீரே இல்லாத காய்ந்த தூரிகை. 1970-இல் நீர் தாயாகவும் கூற்றாகவும் ஒருங்கே நிற்கிறது. மெழுகு தடவிய இடத்தில் நீர் கலந்த மை ஒட்டாது விலகும். நீர் தொட்டதும் தொடாததுமே அங்கு படமாகின்றன. ஒரு பெட்டி வண்ணத்தைக் கையாளக் கற்பதற்குச் சில மாதங்கள் போதும். நீர் என்றால் என்ன, அதனருகே வாழ்வதென்றால் என்ன என்பதை அறிய அவருக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1975-இல் சோனார்காவில் நாட்டார் கலைக் காட்சியகத்துக்கு வித்திட்டு, 1976 மே 28-இல் அவர் மறைந்தார்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். மன்புராவை அழித்த கடலே 1978 நவம்பரில் மட்டக்களப்பின் மீது சூறாவளியை ஏவியது. தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2004 டிசம்பர் 26-இல் கல்லடியையும் நாவற்குடாவையும் ஆழிப்பேரலை தாக்கியது. இடையில் முப்பதாண்டுப் போர். கண்டற் காடுகள் பாதுகாப்பின் பெயராலும், இறால் வளர்ப்பின் பெயராலும் வெட்டப்பட்டன. காணாமற் போனோரின் தாய்மார் இன்னும் வீதியில் நிற்கின்றனர். இவ்வளவையும் கண்ட வாவி இது. இந்நீரைத் தீட்டுவோன் அதன் மேற்பரப்பை மட்டும் தீட்டி முடித்தால், அவனும் ஆளுநரின் பரிவாரத்து ஓவியனும் வேறல்லர்.

யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு (1933-2000) இளையோருக்குச் சித்திரம் கற்பிப்பதைத் தம் வாழ்வின் பணியாகக் கொண்டவர். 1995-இன் பெரும் இடப்பெயர்வில் தம் ஊரையும் தம் படைப்புகள் பலவற்றையும் இழந்தார். தாள் நலிந்த பொருள். ஈரமும் தீயும் போரும் அதனை முதலில் தின்னும். நலிந்தது என்பதற்காக அதனைத் துறக்க வேண்டியதில்லை. ஏழையின் கையில் கிடைப்பதும் அதுவே. பொதி சுற்றும் தாளில் வரையப்பட்டவை ஒரு பேரரசின் குற்றத்துக்குச் சாட்சியாகி நிலைத்தன அன்றோ?

சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இங்கு ஒரு வேண்டுகோள். கல்லடியில் விபுலாநந்த அடிகளாரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் உள்ளது. கட்புலக் கலை பயிலும் இளைஞர் பலர் இவ்வட்டாரத்திற் கூடுகின்றனர். பழந்தமிழரின் யாழை ஆராய்ந்த அடிகளார், கல்லடி உப்போடையில் ஏழைச் சிறாருக்காகப் பள்ளியும் நடத்தினார். கலையும் மக்களும் அவருக்கு இருவேறு துறைகளாக இருக்கவில்லை. அந்த வழியில் நின்று, மாணவனைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் மாலையில் மட்டும் அன்று. வைகறையில், தோணி கரை சேரும் வேளையில் அழைத்துச் செல்லுங்கள். சவளைப் பிடித்த கையை வரையச் சொல்லுங்கள். வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் பெண்ணின் விரல்களை வரையச் சொல்லுங்கள். கூடையில் விழுந்த மீனுக்கு என்ன விலை கிடைத்தது, அது யாருக்குப் போயிற்று என்று கேட்கச் சொல்லுங்கள். அதன் பின்னர் அவன் அந்தி வானத்தையும் தீட்டட்டும். நாம் அந்தி வானத்துக்குப் பகைவரல்லோம். அதன் கீழே இருப்பவனுக்கு முகம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அந்தக் கரும்புள்ளி முகம் பெறும் நாளில் நம் வாவிக்கரை ஓவியம் பிறந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்குப் புதிய வண்ணப் பெட்டி தேவையில்லை. இருக்கும் நீரே போதும்.